கடல் பக்கத்துத் தட்டு

முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்து வடக்கே போனால், கோட்டக்குப்பத்தில் பள்ளிவாசலைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் ஒரு தெரு பிரியும். முனையில் ஒரு பரோட்டாக் கடை. அதற்குப் பக்கத்தில் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அந்த முனை வந்ததும் அஃப்ஷீனின் வண்டி மெதுவாகும். அவள் மெதுவாக்குவதில்லை, அவள் கை மெதுவாக்கும். நுஃமானின் வீடு அந்தத் தெருவில் ஐந்தாவதோ ஆறாவதோ. அவன் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது, அவளும் திருப்பிக் கேட்கவில்லை. அவன் பிரான்ஸுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆள் இல்லாத தெருவுக்கு எதற்கு இந்த மரியாதை என்று தன்னையே திட்டிக்கொண்டு, கையை முறுக்கி, பிள்ளைச்சாவடியைப் பார்த்துப் போய்விடுவாள்.

இன்றைக்கு வண்டி நின்றே விட்டது. பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரனை அழுத்தி, "தூக்கம் வந்தா வூட்லயே இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தூக்கம் இல்லைதான். காலையில் இட்லித் தட்டின் முன்னால் அம்மா பதுருன்னிசா பிடித்த பிடி அப்படி.

"ஒரு கொற சொல்லு அஃப்ஷீன். ஒண்ணே ஒண்ணு. நா ஒங்க அத்தாகிட்ட சொல்லி நிறுத்திடறேன்."

"கொற ஒண்ணும் இல்லம்மா."

"அப்பறம் என்னடி? கொற இல்லாததுதான் ஒனக்குக் கொறயா?"

காரைக்கால் மாப்பிள்ளையின் பெயர் முஹம்மது ஆரிப். சிங்கப்பூரில் வேலை. படிக்கிற பெண் படித்து முடிக்கட்டும், வேலைக்குப் போகிறதானாலும் போகட்டும் என்று அவர்கள் வீட்டிலேயே சொல்லியிருந்தார்கள். போட்டோவில் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரிடமோ வழி கேட்கப் போகிறவன் மாதிரி சாதுவாக நின்றான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து பதில் சொல்வதாக அத்தா அப்துல் கஃபார் வாக்குக் கொடுத்திருந்தார். இன்று புதன்.

அவளால் என்ன சொல்ல முடியும்? நுஃமான் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவளும் அவனிடம் ஒன்றும் சொன்னதில்லை. ஒரே அறையில் மூன்று வருஷம் ஒரு மிஷினைக் கட்டினார்கள். அவன் போன பிறகு வாரம் ஒரு ஈமெயில் வருகிறது. அதில் கிராஃப் இருக்கும், கிராஃபைப் பற்றி நாலு வரி இருக்கும், கடைசியில் அவன் பெயர் இருக்கும். அவன் அவள் பக்கம் முகம் வைத்து நிற்கிறானா, முதுகு காட்டி நிற்கிறானா என்பது மட்டும் எந்த வரியிலும் இருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் அது தெரிந்தாக வேண்டும். முதுகுதான் என்றால் சரி, காரைக்கால். அதையும் யோசித்து வைத்திருந்தாள். தெரியாமல் மட்டும் தலையாட்டக் கூடாது.

அவள் வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடம் பிள்ளைச்சாவடி தாண்டி, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. அங்கே என்ன செய்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அஃப்ஷீன் தீப்பெட்டியை எடுப்பாள்.

குச்சிகளைத் தரையில் கொட்டினால் கன்னாபின்னாவென்று கிடக்கும். காற்றில் இருக்கிற மூலக்கூறுகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சுழன்றுகொண்டிருக்கும். காற்றே இல்லாத ஓர் இரும்புப் பாத்திரத்துக்குள் அவற்றைக் குளிரக் குளிரச் செலுத்தி, அவற்றின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஒளி எந்தத் திசையில் அதிர்கிறதோ அந்தத் திசைக்கு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பெட்டியில் அடுக்கிய குச்சிகள் மாதிரி. ஆனால் அவசரத்தில் அடுக்கிய பெட்டி அது. பாதிக் குச்சியின் மருந்து இந்தப் பக்கம் இருக்கும், பாதியின் மருந்து அந்தப் பக்கம் இருக்கும். லேசருக்குக் கோடு மட்டும்தான் தெரியும், தலை எது வால் எது என்று தெரியாது. எவ்வளவு பலமான லேசரானாலும் சரி.

அவர்கள் எடுத்துக்கொண்ட வாயுவின் மூலக்கூறும் ஒரு குச்சிதான். ஒரு முனையில் ஆக்சிஜன், நடுவில் கார்பன், மறுமுனையில் கந்தகம். கந்தகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் இந்த அறையின் கேள்வி. அதற்குத்தான் பாத்திரத்துக்குள் எதிரும் புதிருமாக இரண்டு உலோகத் தட்டுகள். ஒரு தட்டுக்குக் கொஞ்சம் வோல்டேஜ் கொடுத்தால், வரிசையில் நிற்கிற குச்சிகள் ஒரே பக்கம் தலையைத் திருப்பும்.

"வோல்டேஜ் தனியா ஒண்ணும் கிழிக்காது," என்று முதல் வருஷத்தில் நுஃமான் அவளுக்குச் சொன்னான். ரோட்டோர டீக்கடையில், பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே. "அது ரொம்ப வீக்கு. ஆனா லேசர் வரிசையில நிறுத்திடுச்சின்னு வையி, அப்பறம் கொஞ்சூண்டு போதும். லேசாத் தொட்டா போதும், திரும்பிடும்." அதற்குள் பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது.

இன்னொன்றும் அவன்தான் காட்டினான். ஒளியைச் சட்டென்று ஓர் அடி அடித்துவிட்டு நிறுத்தினால், வரிசைக்கு வந்த மூலக்கூறுகள் உடனே கலைந்துவிடும். கலைந்தது கலைந்ததுதான் என்று நினைப்போம். ஆனால் கொஞ்சம் பொறுத்தால், யாரும் தொடாமலே, எல்லாம் மறுபடி ஒரு கணம் ஒன்றாக வரிசைக்கு வரும். பிறகு கலையும். பிறகு வரும். திங்கட்கிழமை காலையில் வருகிற அவனுடைய ஈமெயிலைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஞாபகம் வரும். மற்ற ஆறு நாளும் கலைந்து கிடந்ததும்தான்.

தட்டுகளுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். எந்த முனைக்கு எந்த ஒயர் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக் குழம்பியபோது, "சண்டையே வேணாம், இது கடல் தட்டு, அது ரோட்டுத் தட்டு" என்று முடித்துவிட்டான். இந்தக் கட்டடத்தில் யாருக்கும் இடது வலது கிடையாது. பீரோவின் கடல் பக்கத்து அறையில் ஸ்பானர் இருக்கும். மேஜையின் ரோட்டுப் பக்கம் லென்ஸ் இருக்கும். கண்ணைக் கட்டி விட்டாலும் அலைச் சத்தம் ஒரு காதில், பஸ் சத்தம் இன்னொரு காதில்.

அவன் போன மறு வருஷம் உப்புக் காற்று கண்ணாடிகளைத் தின்ன ஆரம்பித்தது. கடல் பக்கத்து அறையைக் காலி செய்து, எதிர் வரிசையில் ரோட்டைப் பார்த்த அறைக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். நோன்புப் பெருநாள் லீவு முடிந்து அஃப்ஷீன் வந்தபோது மிஷின் புது அறையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. உருண்டையான எவர்சில்வர் பாத்திரம், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே முகம். துணியை எடுத்துத் துடைத்து, வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஒரே வாயு. ஒரே மிஷின். ஒரே தட்டு." பேராசிரியர் சுப்பிரமணியன், மிஷினில் பூட்டிய கேமரா எடுத்த இரண்டு படங்களை இன்று காலை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நுஃமான் எடுத்தப்ப கந்தகம் படத்துல எடது பக்கம். நீ எடுக்கறப்ப வலது பக்கம். ரெண்டு பேருமே கடல் தட்டுக்குத்தான் வோல்டேஜ் குடுத்தேன்றீங்க. ரெண்டையும் ஒரே கட்டுரையில எப்படிம்மா போடறது?"

"தெரியல சார். நாலு தடவ திருப்பிப் பாத்துட்டேன்."

"மூலக்கூறு பொய் சொல்லாது. உங்க ரெண்டு பேர்ல யாரோ சொல்றீங்க." அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நான் லாஸ்பேட்டைல ஒரு வைவாவுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

அவர் வாசலைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டிருந்த சிவசங்கரி பக்கென்று சிரித்தாள். பாகூர்ப் பக்கத்துப் பெண், போன வருஷம்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். நெல் அறுவடைக்கு லீவு கேட்கிற ஒரே லேசர் விஞ்ஞானி தான்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லக்கா. பேசி முடிக்கச் சொல்லிட்டாரு சாரு. தட்டு வேற ரெடியா இருக்கு, வெத்தல பாக்குதான் பாக்கி."

"வாய மூடிட்டு பம்பப் பாரு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கே காலை வேளையில், நுஃமானை வீடியோவில் கூப்பிட்டாள். முக்காட்டைச் சரிசெய்தாள், லேசர் கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். படம் தெளிந்தபோது அவன் தாடி வைத்திருந்தான். பின்னால் வேறு ஒரு மிஷின், வேறு ஒரு வெளிச்சம், மழை வழிகிற ஓர் உயரமான ஜன்னல். எந்த மாதமானாலும் அந்த ஊரில் மழை பெய்வதாகவே அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். உண்மையிலேயே பெய்துகொண்டிருந்தது.

"கேமராவக் கொஞ்சம் மேல வைங்க," என்றாள்.

"வைங்கவா? எப்பலேர்ந்து எனக்கு மரியாத?"

முதல் வருஷம் முழுக்க நீங்கள்தான். பம்ப் எண்ணெய் அவன் சட்டையில் கொட்டிய அன்று, "ஐயோ, தள்ளு நீ!" என்று அவள் கத்தியதில் மரியாதை போனது போனதுதான். இப்போது ஏன் திரும்பி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"வோல்டேஜ் எந்தத் தட்டுக்குக் குடுத்த?" என்று கேட்டான்.

"கடல் தட்டுக்கு."

"நானும் கடல் தட்டுக்குத்தான். அப்ப கந்தகம் எடது பக்கம் வந்திருக்கணுமே."

"வலது பக்கம் வருது."

"மிஷின் கேமராவக் கழட்டினீங்களா?"

"கேமராவ யாரும் தொடல. பாத்திரத்தோடயே வந்துச்சி."

"ஒயர மாத்திக் குத்தியிருப்ப."

"நா என்ன நேத்து சேந்தவளா?" அவளுக்குச் சுருக்கென்றது. "உன் பழைய ரிசல்ட்டு தப்பா இருக்கக் கூடாதா?"

அவனுடைய ஆய்வேட்டின் பாதி அந்தப் படத்தின் மேல்தான் நின்றது. சொல்லியிருக்க வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முகத்தைப் பார்க்கக் கிடைத்த ஒரு மதியம், அதிலும் சண்டை.

"இருக்கலாம்," என்றான் அவன் மெதுவாக. "லைட்டப் போட்டுட்டு, போனத் தூக்கிட்டுப் போயி மிஷினச் சுத்திக் காட்டு. நா பாக்கவே இல்லல்ல."

சிவசங்கரி விளக்கைப் போட்டாள். அஃப்ஷீன் போனைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிஷினைச் சுற்றி நடந்தாள். பம்ப், குழாய், ஒயர், பாத்திரத்தைத் தாங்குகிற இரும்புச் சட்டம்.

"நில்லு. அந்த போல்ட்டுங்கள்லாம் துருப் பிடிச்சிருக்கே, அது எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம்."

"ரோட்டுப் பக்கத்துக்கு எப்படித் துரு வரும்?"

அவளும் அதைக் கவனித்திருந்தாள். இந்த அறைக்குள்ளும் உப்புக் காற்று வந்துவிட்டதே என்று கவலைப்பட்டு ஜன்னல் இடுக்குக்கு டேப் கூட ஒட்டியிருந்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"அஃப்ஷீன், பழைய ரூம்ல ஜன்னல் கடலப் பாத்து இருந்துச்சி. அந்தப் பக்கத்து போல்ட்டு மட்டுந்தான் துருப் பிடிக்கும். வாராவாரம் எண்ண தொட்டுத் தொடச்சது நானு. எனக்குத் தெரியாதா அது எந்தப் பக்கம்னு?"

பிறகு சிவசங்கரி தொண்டையைச் செருமினாள்.

"அக்கா, தூக்கிட்டு வந்த அண்ணனுங்க இருக்காங்கல்ல, வராண்டாக் கதவுல இது நொழையல. தோப்புப் பக்கமா சுத்திதான் கொண்டாந்தாங்க. அப்பறம் பம்ப் குழா சொவத்துக்கு எட்டலன்னு, மாட்டத் திருப்பிக் கட்டற மாதிரி, அப்படியே ஒரு திருப்பு திருப்பி வச்சாங்க."

"அடிப்பாவி! இத ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"நீங்க எங்கக்கா கேட்டீங்க? நீங்க பெருநாளு பிரியாணியில இருந்தீங்க."

முதலில் சிரித்தது நுஃமான்தான். பிறகு அவள். அவன் கடல் தட்டு என்று சொன்ன தட்டு இன்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கடல் தட்டு என்று வோல்டேஜ் கொடுத்தது அவனுடைய ரோட்டுத் தட்டுக்கு. அவன் படமும் சரி, அவள் படமும் சரி. கந்தகம் இரண்டு பேருக்குமே வோல்டேஜ் கொடுத்த பக்கம்தான் ஒழுங்காகத் திரும்பியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்குத்தான் கடல் வேறு வேறு பக்கத்தில் இருந்தது.

"நா டீ வாங்கிட்டு வரேன்," என்றாள் சிவசங்கரி. வாசலில் நின்று, "கடையில கூட்டமா இருக்கும். மெதுவாத்தான் வருவேன்" என்று தேவையில்லாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

சிரிப்பு அடங்கியது. வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, ஆனால் இருவருமே போனை வைக்கவில்லை.

"பழைய ரூம் இருக்கா?" என்று கேட்டான்.

"ஒடஞ்ச நாற்காலில்லாம் போட்டு வச்சிருக்காங்க."

"காட்டேன்."

வராண்டாவைத் தாண்டிப் போனாள். கதவு ஈரத்தில் உப்பியிருந்தது, தோளால் தள்ளித்தான் திறந்தது. மிஷின் நின்ற இடத்தில் தரையில் நாலு சதுரத் தடங்கள். ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரங்கள், மரங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கடல்.

"ஜன்னலத் தொற."

திறந்தாள். காற்று முக்காட்டை இழுத்தது. அவள் போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். அலைச் சத்தம் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகுமோ என்று பிடித்துக்கொண்டே நின்றாள். கை வலித்துத் திருப்பியபோது அவன் கண்ணை மூடியிருந்தான்.

"தூங்கிட்டியா?"

"இல்ல." கண்ணைத் திறந்தான். "ஒண்ணு காட்டவா? சிரிக்கக் கூடாது."

அவன் பக்கத்துப் படம் ஆடியது. பளபளப்பான பெரிய மிஷின், ஒழுங்காகக் கட்டிய ஒயர்கள், அயல்மொழியில் அச்சடித்த எச்சரிக்கைகள். அதன் ஒரு மூலையில் வெள்ளை டேப் துண்டு. அதில் பேனாவால், அவனுடைய கோணல் எழுத்தில், தமிழில் கடல் என்று எழுதியிருந்தது.

"இங்க எல்லாரும் இது என்னான்னு கேப்பாங்க. பழக்க தோஷம்னு சொல்லிடுவேன்."

"அங்க ஏது கடல்?"

"கடல் எங்க இருக்கு? ஒரு ஆறுதான். அதுவும் ஊருக்கு அந்தாண்ட."

"அப்பறம் எந்தப் பக்கத்தக் கடல்னு ஒட்டின?"

"கெழக்கு எதுன்னு போன்ல பாத்து ஒட்டினேன். நமக்குக் கடல்னா கெழக்குதான?"

அவ்வளவுதான் சொன்னான். அதை ஊர் ஏக்கம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேறு ஒன்றாகவும் எடுத்துக்கொள்ளலாம். சரிபாதி இந்தப் பக்கம், சரிபாதி அந்தப் பக்கம். வோல்டேஜ் கொடுப்பதற்கு முன்னால் திரையில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஒளிருமே, சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி, அப்படி அந்த வார்த்தை அவள் முன்னால் நின்றது. இன்னும் இரண்டு வருஷம் வாராவாரம் ஈமெயில் வந்தாலும் இது இப்படியேதான் நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியது. லேசாக ஒரு தொடல் வேண்டும். அதை அவன் செய்வான் என்று இத்தனை நாள் காத்திருந்தாள். பிஸ்கட்டை டீக்குள் நழுவவிடுகிறவன் அவன்.

"வெள்ளிக்கிழம அத்தா காரைக்கால்காரங்களுக்குப் பதில் சொல்றாங்க," என்றாள்.

"என்ன பதில்?"

"எனக்குப் பாத்திருக்கற எடத்துக்கு."

மழை ஜன்னலில் வழிந்தது. இங்கே காற்று வெளியே இருந்த சவுக்குகளை எல்லாம் ஒரே பக்கம் சாய்த்தது.

"ஆளு எப்படி?"

"நல்ல ஆளு."

"ம்."

"ஒரு கொறயும் இல்ல."

"ம்." அவன் தாடியைத் தடவினான். "அஃப்ஷீன், எனக்கு இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்கப்பறமும் எந்த ஊருன்னு தெரியாது. காத்துட்டு இருன்னு யார்கிட்டயும் சொல்ற நெலமயில நா இல்ல."

"காத்துட்டு இருக்கட்டுமான்னு நா கேக்கல." அவள் குரல் நடுங்கியது, அது காற்று என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். "நீ எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறன்னுதான் கேக்கறேன். அத மட்டும் சொல்லு. மத்தது என் வேல."

படம் உறைந்தது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தாள். வாய் பாதி திறந்தபடி அவன் முகம் கட்டம் கட்டமாக நின்றது. பிறகு குரல் முன்னால் வந்தது, முகம் பின்னால் வந்தது.

"உன் பக்கந்தான்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்த நாள்லேர்ந்து. அங்க இருந்தப்பயும் அப்படித்தான். எண்ண கொட்டின சட்டையக் கூட இங்க கொண்டாந்துட்டேன், லூசு மாதிரி."

"சரி," என்றாள்.

"சரின்னா?"

"சரின்னா சரி. கிராஃப மாத்தி அனுப்பறேன்." வைத்துவிட்டாள். கை ஒடிந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, ஜன்னலைச் சாத்தாமல், சிவசங்கரி டீயோடு தேடிக்கொண்டு வரும்வரை அங்கேயே இருந்தாள்.

"என்னக்கா, கந்தகம் திரும்புச்சா?" என்றாள் சிவசங்கரி.

"டீயக் குடுடி."

சாயங்காலம் வீட்டில் பதுருன்னிசா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அஃப்ஷீன் எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, காரைக்காலுக்கு வேணாம்னு சொல்லிடுங்க."

பதுருன்னிசாவின் விரல்கள் நிற்கவில்லை. "அந்தப் பையன் ஏதாவது சொன்னானா?"

"எந்தப் பையன்?"

"மூணு வருஷமா இந்த வீட்ல சோறு துன்னுட்டு ஒரு மிஷினப் பத்தியே பேசினியே. மிஷினப் பத்தி எந்தப் பொண்ணுடி அப்படிக் கண்ணு மின்னப் பேசுவா? கோட்டக்குப்பத்துப் பையன்தான?"

அஃப்ஷீன் கீரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

"வீட்லேர்ந்து வந்து பேசுவாங்களா?"

"இப்ப இல்லம்மா."

"எப்ப?"

"தெரியாது. ரெண்டு வருஷம் ஆவும். மேலயும் ஆவலாம்."

"அவனே சொன்னானா, ரெண்டு வருஷத்துல வரேன்னு?"

"இல்ல. அவன் ஒண்ணும் கேக்கல. நாந்தான் கேட்டேன்."

பதுருன்னிசா இப்போதுதான் நிமிர்ந்தாள். மகளை ரொம்ப நேரம் பார்த்தாள். காம்பு எது கீரை எது என்று பாராமல் அஃப்ஷீன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தாள்.

"தெரியாத ஒண்ணுக்காக கைக்கு வந்த எடத்த வுடச் சொல்ற."

"ஆமாம்மா."

"ஒங்க அத்தாவுக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்."

"தெரியும்மா."

பதுருன்னிசா மகளின் கையிலிருந்து கொத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "அத்தாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா லேசர் கீசர்னு ஆரம்பிச்சி அவரக் கொழப்பிடுவ. எழுந்து போ, இதெல்லாம் திரும்ப நா பொறுக்கணும்."

வெள்ளிக்கிழமை காலையில் சுப்பிரமணியன் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். கடலும் வேண்டாம் ரோடும் வேண்டாம், இனிமேல் எல்லாவற்றுக்கும் நம்பர் போடுங்கள் என்று உத்தரவானது. சிவசங்கரி ஒன்று, இரண்டு என்று அச்சடித்துக் கொண்டுவந்து வரிசையாக ஒட்டினாள். குழாய்க்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்திருந்த ஓரிடத்தில் நின்றாள்.

"அக்கா, இந்தப் பழைய டேப்பு? நுஃமான் அண்ணன் எழுதினது. கிழிச்சிடவா?"

"அது கெடக்கட்டும். நம்பரப் பக்கத்துல ஒட்டு."

"ரோட்டப் பாத்துட்டு கடல்னு கெடக்குதே."

"கெடக்கட்டும்டி."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் முந்திரித் தோப்பு. அதற்கு மேல் திண்டிவனம் போகிற வழி. அதற்கும் மேற்கே, மேற்கே போய்க்கொண்டே இருந்தால் என்ன வரும் என்று அவள் யோசிக்காமல் இருக்க முயன்றாள். கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய கடல் தட்டுக்கு வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். திரையில் இரண்டு சிறகும் ஒரே அளவாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. பிறகு வலது மங்கியது. இடது கூடியது. நுஃமானின் படம் எப்படியோ அப்படியே. ஜும்மா நேரம் வந்து, தாண்டிப் போனது. அத்தா இந்நேரம் பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டு, வார்த்தை தேடித் தேடி, காரைக்காலுக்குப் பேசிக்கொண்டிருப்பார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வேலை முடிந்து திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. இப்போது அந்தத் தெரு வலது கைப் பக்கம் வரும். பரோட்டாக் கடையில் கல்லைத் தட்டும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. கை மெதுவாக்கியது. இன்றைக்கு அவள் அதைத் திட்டவில்லை. பூட்டிய ஸ்டுடியோவின் முன்னால் வண்டியை ஓரம்கட்டி, போனை எடுத்தாள்.

"உங்க வீடு அஞ்சாவதா ஆறாவதா?" என்று எழுதி அனுப்பினாள்.

அங்கே மதியமாக இருக்கும். உடனே பதில் வந்தது. "ஏழாவது. பச்ச கேட்டு. ஏன்?"

போனைப் பைக்குள் போட்டாள். எண்ணிப் பார்த்தாள். இத்தனை நாள் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் கண்ணால் தொட்டுப் போனது யாரோ ஒருவர் வீட்டு மல்லிகைப் பந்தல். அதற்கு அந்தப் பக்கம், மின்கம்பத்துக்குப் பின்னால் பாதி மறைந்து, பச்சை கேட் சாத்திக் கிடந்தது. மேலே கொடியில் யாருடைய சட்டையோ காய்ந்துகொண்டிருந்தது. அவனுடையது இல்லை என்று தெரியும்.

பஸ் ஒன்று அவளை உரசுவது போல் போனது. அவள் கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.